கிரென்பெல் கோபுரத் தீயும் கட்டிடப் பாதுகாப்பு விதிகளும்

(கட்டிட அனுமதி, தீயணைப்புப் பணிகளில் உள்ள அலுவலர்களும் பொறியியல் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரிய தீ விபத்து ஒன்று நடந்து முடிந்த மறுநாள், செய்தித்தாள்களிலும் சட்ட மன்றங்களிலும் எழுகின்ற முதல் கேள்வி, "இதற்கெல்லாம் விதி கிடையாதா?" என்பதே. பெரும்பாலும் விதி இருக்கத்தான் செய்கிறது. விதி இருந்தும், ஆய்வாளர் இருந்தும், அனுமதிக் கடிதம் முறைப்படி கோப்பில் இருந்தும் மக்கள் எவ்வாறு மடிகிறார்கள் என்பதுதான் நாம் ஆராய வேண்டிய வினா. அதனாலேயே, விதிகளுக்குப் பஞ்சமில்லாத ஒரு நாட்டில் நடந்த விபத்தை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன்.

2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி அதிகாலையில், லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியிலுள்ள கிரென்பெல் கோபுரம் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீ 72 உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களில் 18 பேர் குழந்தைகள். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின், மரத்தை விட்டுச் செங்கல்லாலும் கல்லாலும் வீடு கட்ட வேண்டுமென்று சட்டம் செய்த நகரம் அது. அழைப்பு வந்த ஐந்தே நிமிடங்களில் தீயணைப்பு வண்டி வந்து நின்ற நகரமும் அதுதான். அங்கே இது எப்படி நடந்தது?

ஓர் அனுமானத்தின் மீது நின்ற கட்டிடம்

கிரென்பெல் கோபுரம் 24 தளங்களும் 67 மீட்டர் உயரமும் கொண்டது. 1974இல் கட்டி முடிக்கப்பட்டது. கென்சிங்டன்-செல்சி என்பது லண்டனிலேயே செல்வம் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. ஆனால் அதன் வடபகுதியில் உழைக்கும் மக்களும் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் வாழ்கிறார்கள். அவர்களுக்காக நகராட்சி மன்றம் கட்டிய குடியிருப்பு இது. தூண், தளம், சுவர் யாவும் கான்கிரீட். தளத்துக்கு ஆறு வீடுகள். கோபுரம் முழுவதற்கும் ஒரே மாடிப்படி.

ஒரே மாடிப்படியா என்று நீங்கள் வியப்படையலாம். அன்றைய பிரிட்டிஷ் கட்டிட முறையில் அதற்குத் தக்க காரணம் இருந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு கான்கிரீட் பெட்டி. ஒரு வீட்டில் பற்றிய தீ, குறைந்தது ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியைத் தாண்டாது. அதற்குள் தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்துவிடுவார்கள். ஆகவே மற்ற வீட்டார் வெளியேறத் தேவையில்லை. கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் படிகளில் இறங்கினால், குழாயுடன் ஏறி வரும் வீரர்களுக்கு வழி கிடைக்காது. நெரிசலும் புகையும் சேர்ந்து புதிய விபத்தை உண்டாக்கும். "உள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரை இவ்வாறுதான் தோன்றியது. எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ தீ விபத்துகளில் இந்த அறிவுரை சரியாகவே பயன்பட்டு வந்துள்ளது. இதை மூடத்தனம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுவது நியாயமன்று.

இந்த ஏற்பாட்டின் விளைவுகளையும் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஒருசேர வெளியேற வேண்டிய நிலை வராது என்பதால், கட்டிடம் முழுவதற்குமான அபாய மணி வைக்கப்படவில்லை. வெளியேறும் ஒத்திகை நடத்தப்படவில்லை. இரண்டாவது படிக்கட்டு தேவைப்படவில்லை. நடக்க இயலாதவர்களை எப்படிக் கீழே கொண்டுவருவது என்ற திட்டமும் இல்லை. இவை அனைத்தும் ஒரே ஓர் அனுமானத்தின் மீது நின்றன: தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பரவாது, குறிப்பாக, வெளிச்சுவர் எரியாது.

1974இல் அந்த அனுமானம் உண்மையாக இருந்தது. கான்கிரீட் எரிவதில்லை.

போர்வை மாறியது

2016இல் முடிவடைந்த புதுப்பிப்புப் பணியில், கட்டிடத்தின் வெளிப்புறம் முழுவதற்கும் புதிய போர்வை போர்த்தப்பட்டது. கட்டிடத் தொழிலில் இதைக் 'கிளாடிங்' என்பார்கள். குளிர் நாட்டில் வீட்டின் வெப்பம் வெளியேறாமல் காப்பது நல்ல நோக்கமே. எரிபொருள் செலவு குறையும், பழைய கட்டிடமும் பொலிவு பெறும். கான்கிரீட்டின் மேல் வெப்பங்காக்கும் நுரைப்பலகை. அதற்கு வெளியே சிறிது இடைவெளி. அந்த இடைவெளிக்கு வெளியே அலுமினியப் பலகை. இதுதான் அமைப்பு.

முதலில் துத்தநாகப் பலகை பொருத்துவதாகத்தான் எண்ணம். செலவைக் குறைக்கும் பொருட்டு அலுமினியக் கலவைப் பலகைக்கு மாறினார்கள். நம் நகரங்களில் கடைகளின் முகப்பிலும் அலுவலகச் சுவர்களிலும் 'ஏ.சி.பி. ஷீட்' என்ற பெயரில் ஒட்டப்படுகிறதே, அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான் அது. பார்வைக்கு உலோகம். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் பாலித்தீன். மாணவ நண்பர்களுக்குத் தெரியும், பாலித்தீன் பெட்ரோலியத்திலிருந்து பிறந்தது. எரியும்போது எடைக்கு எடை ஏறத்தாழப் பெட்ரோலைப் போன்ற வெப்பத்தைத் தரும். அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். பாலித்தீனோ அதற்கு வெகு முன்னதாக, 130 டிகிரிக்குள்ளேயே, உருகத் தொடங்கிவிடும். உருகி, எரியும் துளிகளாகக் கீழே சொட்டும். பலகைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியோ தீக்குப் புகைபோக்கி போல் ஆகிவிடும். இந்தப் பலகையில் பாலித்தீனுக்குப் பதிலாகத் தீயை எதிர்க்கும் கனிமப் பொருளை நிரப்பிய வகைகளும் சந்தையில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறை அலுமினியத்தில் இல்லை. உள்ளே நிரப்பிய பொருளில் இருந்தது.

ஆக, 1974இன் கான்கிரீட் கட்டிடம் 2016இல் எரியக்கூடிய உடையை அணிந்துகொண்டது. ஆனால் படிக்கட்டு ஒன்றுதான். பொது அபாய மணி இல்லை. "உள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரையும் மாறவில்லை. அறிவுரைக்கு அடியிலிருந்த தரை நீக்கப்பட்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை என்பதே இந்த விபத்தின் கரு என்று நான் கருதுகிறேன். அனுமானத்தைக் காப்பது யாருடைய வேலை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

அங்குக் குடியிருந்தோர் அபாயத்தை உணராமல் இருக்கவில்லை. பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தால் மட்டுமே நிர்வாகத்தின் குறைகள் வெளிப்படும் என்ற பொருளில் 2016 நவம்பரிலேயே குடியிருப்போர் குழு ஒன்று பகிரங்கமாக எழுதியிருந்தது. புகார் கூறுபவர்களைத் தொல்லை கொடுப்பவர்களாகக் கருதும் மனப்பான்மை நிர்வாகத்தில் இருந்தது என்று பின்னர் வந்த விசாரணை அறிக்கை கண்டித்தது.

அந்த இரவு

இரவு 12.54க்கு முதல் தொலைபேசி அழைப்பு. நான்காம் தளத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீ. வீரர்கள் வந்தார்கள், முறைப்படி குழாய் இணைத்தார்கள், சமையலறைத் தீயை அணைத்தார்கள். அதற்குள் தீ சன்னலருகே புதுப்பிப்பின்போது வைத்த பிளாஸ்டிக் பகுதிகள் வழியாக வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டுவிட்டது. 1.30 மணி ஆவதற்குள் கிழக்குப் பக்கம் முழுவதும் ஏறி உச்சியை அடைந்தது. உச்சியில் அழகுக்காகச் சுற்றி அமைத்திருந்த பலகை வரிசை வழியாகப் பக்கவாட்டில் பரவி, கட்டிடத்தின் மற்றப் பக்கங்களையும் சுற்றி வளைத்தது. வெளியே ஏறிய தீ, சன்னல்கள் வழியாக ஒவ்வொரு தளத்திலும் வீடுகளுக்குள் நுழைந்தது. உள்ளிருந்து வெளியே பரவும் தீயை எதிர்பார்த்துக் கட்டிய பெட்டிகளுக்குள், வெளியிலிருந்து தீ புகுந்தது.

பல வீடுகளின் வாயிற்கதவுகள் தாமாக மூடிக்கொள்ளவில்லை. திறந்தே நின்ற கதவுகள் வழியாகப் புகை நடைவழியையும் மாடிப்படியையும் நிரப்பியது. தீயணைப்போர் தம் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டிய மின்தூக்கி அவர்களுக்குப் பணியவில்லை. புதுப்பிப்பின்போது தளங்களின் எண்கள் மாற்றப்பட்டிருந்ததால், எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதிலேயே வீரர்களுக்குக் குழப்பம் ஏற்பட்டது. இவை சிறிய செய்திகள்தாம். மேற்பார்வைக்குச் செல்லும் அலுவலர் ஒருவர் அரை மணி நேரத்தில் கண்டு குறித்துவரக் கூடியவை.

தொலைபேசியில் கதறியவர்களுக்கு, "உள்ளேயே இருங்கள்" என்ற பதிலே மீண்டும் மீண்டும் தரப்பட்டது. அந்த அறிவுரை கைவிடப்பட்ட நேரம் 2.47. ஓய்வுபெற்ற நீதிபதி சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை ஆணையம், 1.30க்கும் 1.50க்கும் இடையில் வெளியேற்ற முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2019 அக்டோபரில் வெளியிட்ட முதல் அறிக்கையில் கூறியது. அந்த ஒரு மணி நேரத்தில் படிக்கட்டு இன்னும் ஏறி இறங்கக் கூடியதாகவே இருந்தது. மாடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த வீரர்களைக் குறை கூறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வெளிச்சுவர் எரியும்போது என்ன செய்வது, எல்லோரையும் எப்படி வெளியேற்றுவது என்று அவர்களுக்கு எவரும் பயிற்சி அளித்திருக்கவில்லை.

கோபுரத்தில் குடியிருந்த மாற்றுத் திறனாளிகளில் ஐந்தில் இருவர் இறந்துபோனார்கள்.

'போதிய அளவு' என்ற சொல்

இனி விதிக்கு வருவோம். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுக் கட்டிடச் சட்டத்துக்குப் பின் விதிகளின் போக்கு மாறியது. சுவர் இத்தனை அங்குலம், கதவு இந்த மரம் என்று அளந்து சொல்லும் முறை போய், அடைய வேண்டிய பயனை மட்டும் சொல்லும் முறை வந்தது. வெளிச்சுவரைப் பற்றிய விதியின் சாரம் இதுதான்: கட்டிடத்தின் உயரத்தையும் பயனையும் இருப்பிடத்தையும் கருதி, தீ பரவுவதை வெளிச்சுவர் போதிய அளவு எதிர்க்க வேண்டும். குறை சொல்ல முடியாத வாக்கியம். கிரென்பெல்லின் போர்வை இந்த விதியை மீறியது என்று ஆணையமும் தயக்கமின்றிக் கூறிவிட்டது. அப்படியானால் விதி இருந்தது, மீறலும் நடந்தது, நடுவே ஒருவரும் தடுக்கவில்லை.

போதிய அளவு என்பது எவ்வளவு? அதைச் சொல்ல அரசாங்கம் ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டிருந்தது. நடைமுறையில் வடிவமைப்போரும் ஆய்வாளரும் விதியைப் படிப்பதில்லை, வழிகாட்டியைத்தான் படிப்பார்கள். நம் நாட்டிலும் அதே கதைதான் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஏட்டில், வெளிச்சுவரின் மேற்பரப்பு ஒரு குறிப்பிட்ட தீச்சோதனையில் தேற வேண்டுமென்று இருந்தது. மேற்பரப்பைச் சோதித்தால் சோதனைக்கு உட்படுவது அலுமினியம்; உள்ளே இருப்பது பாலித்தீன். வேறோர் இடத்தில், வெப்பங்காப்புப் பொருளும் 'நிரப்புப் பொருளும்' எளிதில் எரியாதவையாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. பலகையின் நடுவிலுள்ள பாலித்தீன் 'நிரப்புப் பொருள்' என்ற சொல்லில் அடங்கும் என்று விபத்துக்குப் பின் அரசாங்கம் வாதிட்டது. அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதாகத் தொழில் துறையில் மிகப் பலர் எண்ணியதே இல்லை. ஒரு நாட்டின் மாடிக் குடியிருப்புகளின் பாதுகாப்பு ஒற்றைச் சொல்லின் உரையில் தொங்கிக்கொண்டிருந்தது. விதி வரையும் பணியில் இருப்போர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எச்சரிக்கை முன்பே வந்ததுண்டா? வந்தது; ஒரு முறையன்று. 1991இல் லிவர்பூல் அருகே நோஸ்லியில் ஒரு மாடிக் குடியிருப்பின் வெளிப்போர்வை எரிந்தது. 1999இல் ஸ்காட்லாந்தின் இர்வின் நகரில் கார்னாக் கோர்ட் என்ற மாடிக் கட்டிடத்தில் வெளிச்சுவர் வழியே தீ ஏறி ஒருவர் இறந்தார். அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, பலர் இறக்கும் வரையில் காத்திராமல் இப்போதே தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டது. ஸ்காட்லாந்து தன் விதிகளைத் திருத்திக்கொண்டது. இங்கிலாந்தில் 2001இல் அரசாங்கமே செய்வித்த பெரிய அளவுச் சோதனையில், பாலித்தீன் நிரப்பிய அலுமினியப் பலகை கடுமையாக எரிந்தது. அந்த முடிவு வெளியிடப்படவில்லை. வழிகாட்டி ஏடும் இறுக்கப்படவில்லை. 2009 ஜூலையில் தெற்கு லண்டனின் லகனால் மாடிக் குடியிருப்பில் ஆறு பேர் மாண்டனர். அவர்களிலும் உள்ளேயே இருக்கும்படி தொலைபேசியில் அறிவுரை பெற்றவர்கள் இருந்தனர். 2013இல் மரண விசாரணை அதிகாரி, வழிகாட்டி ஏட்டைத் தெளிவாக்குமாறு அமைச்சகத்துக்குப் பரிந்துரைத்தார். நான்கு ஆண்டுகள் கழிந்தும் அந்தத் திருத்தம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஆணையத்தின் இரண்டாம் அறிக்கை பதிலளிக்கிறது. 2024 செப்டம்பர் 4ஆம் தேதி ஏழு தொகுதிகளாக அது வெளிவந்தது. விதிகளைக் குறைப்பதே அக்காலத்து அரசாங்கக் கொள்கையாக இருந்தது. புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தால் பழைய விதியை நீக்க வேண்டும் என்பது கட்டளை. அந்தச் சூழலில் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய விஷயங்கள்கூட ஒத்திவைக்கப்பட்டன. பொருள்களை விற்ற நிறுவனங்கள் சோதனை முடிவுகளை மறைத்தும் திரித்தும் சந்தையை ஏமாற்றின என்றும் அறிக்கை கூறியது. கட்டிடக் கலைஞர் ஒப்பந்தக்காரரை நம்பினார். ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரை நம்பினார். அனைவரும் நகராட்சி ஆய்வாளர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தனர். ஆய்வாளரோ வேலைப்பளுவில் இருந்தார், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. இறந்த அனைவரின் மரணமும் தவிர்த்திருக்கக் கூடியது என்பது ஆணையத்தின் முடிவு.

மாறிய விதிகள்

விபத்துக்குப் பின் விதிகளைச் சீராய்வதற்கு டேம் ஜூடித் ஹக்கிட் என்ற பொறியியல் அறிஞர் நியமிக்கப்பட்டார். அவருடைய இறுதி அறிக்கை 2018 மே மாதம் வந்தது. தடை செய்ய வேண்டிய பொருள்களின் பட்டியலை எதிர்பார்த்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். பட்டியல் போதாது, முறையே மாற வேண்டும் என்றார் அவர். ஒவ்வொரு பெரிய கட்டிடத்துக்கும் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய பொறுப்பாளர் வேண்டும். கட்டிடம் எதனால் கட்டப்பட்டது, பின்னர் என்ன மாற்றப்பட்டது என்ற வரலாறு அறுபடாமல் பதிவாக வேண்டும் என்பவை அவர் கருத்தின் மையம். இந்தப் பதிவைப் 'பொன்னிழை' என்று அழைத்தார்.

பட்டியலும் வந்தது. 2018 டிசம்பர் முதல் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள் தடை செய்யப்பட்டது. 'போதிய அளவு' என்ற சொல்லின் நிழலிலிருந்து இந்த ஒரு விஷயம் மட்டுமாவது வெளியே வந்தது. தண்ணீர்த் தெளிப்பான் பொருத்த வேண்டிய உயரம் 2020இல் 30 மீட்டரிலிருந்து 11 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புச் சட்டம், வெளிச்சுவரும் வீட்டு வாயிற்கதவும் கட்டிடப் பொறுப்பாளரின் கடமைக்குள் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், தள வரைபடங்களைத் தீயணைப்புத் துறைக்குக் கொடுக்க வேண்டும், தள எண்களைப் புகையிலும் தெரியுமாறு எழுத வேண்டும், மின்தூக்கியை மாதந்தோறும் சோதிக்க வேண்டும் என்று பணித்தன. அந்த இரவின் ஒவ்வொரு குறையும் ஒவ்வொரு விதியாக மாறியிருப்பதை இதில் காணலாம்.

2022ஆம் ஆண்டுக் கட்டிடப் பாதுகாப்புச் சட்டம்தான் இவற்றுள் பெரியது. குறைந்தது 18 மீட்டர் உயரமோ குறைந்தது ஏழு தளங்களோ கொண்ட குடியிருப்புகளுக்குத் தனியான ஒழுங்குமுறை அலுவலர் அமைப்பு ஏற்பட்டது. திட்ட அனுமதியின்போது ஒன்று, கட்டத் தொடங்கு முன் ஒன்று, குடியேறு முன் ஒன்று என மூன்று வாயில்கள். இரண்டாம் வாயிலில் ஒப்புதல் பெறாமல் அடித்தளம்கூட இட முடியாது. கட்டுபவரே தம் ஆய்வாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் இத்தகைய கட்டிடங்களுக்கு ஒழிக்கப்பட்டது. நமக்கு மிகவும் பயன்படக்கூடியது எதுவென்று கேட்டால், இந்த இரண்டாம் வாயிலைத்தான் காட்டுவேன். பழைய கட்டிடத்தில் செய்யும் பெரிய மாற்றங்களும் அதன் வழியாகவே செல்ல வேண்டும்.

இதனால் கஷ்டங்கள் வராமல் இல்லை. 12 வாரத்தில் முடிய வேண்டிய ஒப்புதல்கள் பல மாதங்கள் இழுத்தன; வீட்டுப் பஞ்சத்தில் தவிக்கும் லண்டனில் கட்டுமானம் தேங்கியது. ஏற்கெனவே கட்டிய வீடுகளின் நிலைமை இன்னும் சிக்கலானது. கிரென்பெல்லில் இருந்ததைப் போன்ற பலகை போர்த்திய உயர்ந்த கட்டிடங்கள் மட்டும் ஏறத்தாழ 500 என்று கணக்கெடுப்பில் தெரிய வந்தது. வேறு வகை எரியும் போர்வைகளும் உண்டு. இரவெல்லாம் காவலர்கள் சுற்றிவந்து தீயைக் கண்காணிக்க, அதன் செலவைக் குடியிருப்போரே ஏற்க வேண்டியிருந்தது. வீட்டை விற்கவும் முடியவில்லை, அடமானம் வைக்கவும் முடியவில்லை. அரசாங்கம் 500 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியும் வேலை மெதுவாகவே நடந்தது. கட்டும்போது மிச்சம் பிடித்த தொகையையும் பின்னர் அகற்றுவதற்கு ஆன தொகையையும் ஒப்பிட்டால், சிக்கனம் என்ற சொல்லுக்கே புதிய பொருள் கிடைக்கும்.

ஒரு பரிந்துரை மட்டும் நெடுநாள் கிடப்பில் கிடந்தது. தாமாகப் படி இறங்க இயலாத ஒவ்வொருவருக்கும் தனியான வெளியேற்றத் திட்டம் வேண்டுமென்று ஆணையம் 2019இலேயே கூறியது. நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசாங்கம் 2022இல் மறுத்துவிட்டது. பாதிக்கப்பட்டோரின் இடைவிடாத முயற்சியால் 2025இல்தான் அதற்கான விதி இயற்றப்பட்டது.

நம் கட்டிடங்கள்

இது குளிர்நாட்டுக் கதை, நமக்கு என்ன என்று கேட்பீர்களானால், 2025 நவம்பரில் ஹாங்காங்கின் தை போ பகுதியில் நடந்ததை நினைவூட்டுவேன். அங்கு எட்டுக் கோபுரங்கள் கொண்ட குடியிருப்பில் பழுது பார்க்கும் பணி நடந்துகொண்டிருந்தது. சாரத்தைப் போர்த்திய வலையும் சன்னல்களை மூடிய நுரைப்பலகையும் பற்றிக்கொண்டு, ஏழு கோபுரங்களுக்குத் தீ பரவியது. 150 பேருக்கு மேல் இறந்தனர். அங்கும் கட்டிடத்தில் குறையில்லை. அதன் மீது பின்னர் போர்த்தியதுதான் எரிந்தது.

நம் நாட்டில் தேசியக் கட்டிடக் கோட்பாடு 1970இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு, 1983, 2005, 2016ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பைப் பற்றியது. 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றை மாடிக் கட்டிடங்களாகக் கொண்டு, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, புகைத் தடுப்பு ஆகியவற்றை விரிவாகவே சொல்கிறது. ஆனால் தன்னளவில் அது பரிந்துரையே. மாநிலங்களும் நகராட்சிகளும் தத்தம் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் சட்டத்தின் வலிமை பெறும். தீயணைப்புப் பணி அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாக இடம் பெற்றிருக்கிறது. எனவே ஒரே வகைக் கட்டிடத்துக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு சட்டம்.

விபத்துதான் நம்மையும் சட்டம் செய்ய வைத்திருக்கிறது. 1986 ஜனவரியில் டில்லியில் ஓர் ஓட்டலில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த அதே ஆண்டில் டில்லித் தீத்தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2010 பிப்ரவரியில் பெங்களூரின் கார்ல்டன் டவர்ஸ் கட்டிடத்தில் ஒன்பது பேரும், அடுத்த மாதமே கல்கத்தாவின் பார்க் தெருவிலுள்ள ஸ்டீபன் கோர்ட்டில் 43 பேரும் மாண்டனர். ஸ்டீபன் கோர்ட்டில் மேல்தளங்கள் இரண்டு பின்னாளில் ஏற்றிக் கட்டியவை. தொடக்கத்தில் கட்டியபடியே இருந்த கட்டிடம் ஒன்று. நாளடைவில் மக்கள் ஆக்கிக்கொண்ட கட்டிடம் வேறொன்று. வரைபடம் மட்டும் பழையது.

நம்முடைய தடையின்மைச் சான்றிதழ் முறையின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. சான்றிதழ் வழங்கும் நாளில் கட்டிடம் எப்படி இருந்தது என்பதையே அது காட்டும். பிறகு முகப்பில் பலகை ஒட்டுகிறார்கள். மாடிப்படிக்கு அடியில் மின்மீட்டர்களை நிறைக்கிறார்கள். மொட்டை மாடிக் கதவைத் திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறார்கள். காலி விட வேண்டிய தளத்தில் அலுவலகம் வைக்கிறார்கள். இவற்றுள் பலவற்றுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும் என்பதே உரிமையாளருக்குத் தெரியாது. மகாராஷ்டிரத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, தீத்தடுப்புக் கருவிகள் செயல்படும் நிலையில் உள்ளன என்று உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கட்டிட உரிமையாளர் தர வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆயினும் அது கருவிகளைப் பற்றிய சான்று. சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பற்றியதன்று.

ஆகவே அனுமதிப் பிரிவில் பணியாற்றும் நண்பர்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறியது. முகப்பை மாற்றவோ, உள்ளமைப்பைத் திருத்தவோ விண்ணப்பம் வரும்போது, புதிய பொருளின் சோதனைச் சான்றை மட்டும் பார்த்துக் கையொப்பமிடாதீர்கள். அந்தச் சான்று தனிப் பலகைக்குத் தரப்பட்டதா, சுவரில் பொருத்திய முழு அமைப்புக்குத் தரப்பட்டதா என்று கேளுங்கள். இந்தக் கட்டிடத்துக்கு முதன்முதலில் தீயணைப்புத் துறை சான்று தந்தபோது, எவையெல்லாம் எரியாது என்று கொண்டு அதைத் தந்தது என்பதைப் பழைய கோப்பை எடுத்துப் பாருங்கள். பழைய கோப்பு கிடைக்கவில்லை என்றால், விண்ணப்பத்தின் மேல் அதையே முதற் குறிப்பாக எழுதித் தீயணைப்புத் துறைக்கு அனுப்பி, அவர்கள் கட்டிடத்தை நேரில் பார்த்து வந்த பிறகு மேலே செல்லுங்கள்.